வேலைக் களைப்பில் மறைந்திருந்த நோய்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு புக்கிட் மெலாவத்தி குன்றும் அங்குள்ள பீரங்கிகளும் நினைவுக்கு வரும். ஆனால் நோய்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு நோயை மனிதர் எப்போது அடையாளம் கண்டனர், எப்போது அதற்குப் பெயர் வைத்தனர், எப்படி அதனோடு வாழக் கற்றனர் என்பதெல்லாம் வரலாறே. பெயர் தெரியாத காரணத்தால் ஒரு நோய் இல்லாமற் போய்விடுவதில்லை. பெயர் தெரியும்வரை அது வேறொரு பெயரில் நம்மிடையே உலவிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு நோயைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். மருத்துவர்கள் அதனை 'மல்டிபிள் மைலோமா' என்பர். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோய் அது. நம் தோட்டங்களிலோ அது 'இடுப்பு வலி', 'வாதம்', 'இரத்தமில்லை', 'வயதாகிவிட்டது' என்ற பெயர்களில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடும். பாடுபட்டு உழைக்கும் மக்களிடம் அது ஏன் இவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்கிறது? இதற்கு விடை காண, முதலில் நம் வட்டாரத்தின் கதையைச் சிறிது பார்ப்போம்.

நம் தோட்டங்களும் இரத்தசோகையும்

வட சிலாங்கூர்த் தோட்டங்களின் கதை, காட்டையும் சதுப்பையும் திருத்திய கதையாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு நல்ல விலை கிடைத்தபோது ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை முதலிய இடங்களில் ரப்பர் நடப்பட்டது. 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோக்கொனியே செம்பனையை நட்டார். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே ஆகும்.

மரங்களை நட்டவர்கள் நம் முன்னோர்கள். அவர்களை வாட்டிய நோய்களில் முதன்மையானது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்தும் புதர்களை அழித்தும் கொசுக்களைக் குறைத்தார். கிள்ளான் பட்டணத்தில் தொடங்கிய அந்த வேலை, பின்னர் கடலோரத் தோட்டங்களுக்கும் பரவியது. 1911இல் தம் அனுபவத்தை அவர் நூலாகவும் வெளியிட்டார். மலேரியாவோடு கொக்கிப்புழுவும் சேர்ந்துகொண்டது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தவர்களின் பாதத்தின் வழியே அது உடலுக்குள் புகுந்து இரத்தத்தை உறிஞ்சியது. இவ்விரண்டும் தந்த பொதுவான துன்பம் இரத்தசோகை. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கால் தளரும்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் ஐயா கொய்னா கொடுத்தார். பூச்சி மருந்து கொடுத்தார். இரும்புச் சத்து மருந்து கொடுத்தார். பெரும்பாலோர் தேறினர். அது சரியான மருத்துவமே. ஆனால் மூன்று நான்கு தலைமுறைகளாக நடந்த இந்தப் பழக்கம் நம் மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டது. வெளுத்த முகம் என்றால் இரத்தமில்லை. இரத்தமில்லை என்றால் மருந்துத் தண்ணீரும் கீரையும் போதும் என்பதே அந்த எண்ணம். அதுபோலவே, காண்டாவைத் தோளில் சுமந்து பால்வாளி தூக்கியவருக்கும், குனிந்து குனிந்து செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவருக்கும் முதுகு வலிக்கத்தானே செய்யும் என்று நாம் அமைதி அடைந்துவிடுகிறோம். உழைப்பின் வலியும் நோயின் வலியும் ஒரே உடம்பில், ஒரே இடத்தில் வரும்போது, இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

மஜ்ஜையில் நடப்பது என்ன?

எலும்பு என்பது வெறும் கல் போன்ற பொருளன்று. அதன் உள்ளே மஜ்ஜை இருக்கிறது. நம் இரத்த அணுக்கள் பிறப்பது அங்கேதான். அதை ஒரு நாற்றுமேடை என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாற்றுமேடையில் பிளாஸ்மா அணுக்கள் என ஒரு வகை உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்களை உண்டாக்குவது அவற்றின் வேலை. சிலருக்கு, பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியோ அதற்கு மேலோ, இந்தப் பிளாஸ்மா அணுக்களுள் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. நாற்றுமேடையில் லாலான் புல் புகுந்தால் என்ன ஆகும்? நல்ல கன்றுகளுக்கு இடமிராது. மஜ்ஜையிலும் அதுவே நடக்கிறது.

இதனால் நான்கு கேடுகள் விளைகின்றன. முதலாவது, சிவப்பணுக்கள் குறைந்து இரத்தசோகை வருகிறது. இரண்டாவது, எலும்பு உள்ளிருந்து அரிக்கப்பட்டு, முதுகு, இடுப்பு, விலா ஆகிய இடங்களில் வலி எடுக்கிறது. சிறு அசைவிலும் எலும்பு முறிகிறது. எலும்பிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் இரத்தத்தில் மிகுந்து, தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவற்றைத் தருகிறது. மூன்றாவது, பயனற்ற புரதம் மிகுதியாகச் சுரந்து சிறுநீரகங்களை அடைத்துக் கெடுக்கிறது. நான்காவது, எதிர்ப்பு ஆற்றல் குறைந்து சளிக்காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இந்த நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணமானதாகவே தோன்றும். நான்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் நோயின் முகம் தெரியும். உலகம் இதனைக் கற்றுக்கொள்ள எத்தனை காலமாயிற்று என்பதை இனிக் காண்போம்.

இலண்டனில் இரு நோயாளிகள்

1844ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சாரா நியூபரி என்ற 39 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக அவருக்குக் களைப்பும் எலும்பு வலியும் இருந்தன. ஒருநாள் கணவர் அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்த முயன்றபோது, அவருடைய தொடை எலும்புகள் முறிந்துபோயின. அன்பினால் தூக்கிய கையிலேயே எலும்பு முறிந்தது என்றால், அந்தக் கணவரின் மனநிலை எப்படி இருந்திருக்கும்? ஆரஞ்சுத் தோல் ஊறிய நீரும் ருபார்ப் மாத்திரையும் வலி தணிக்க அபினி மருந்தும் அவருக்குத் தரப்பட்டன. சில நாள்களில் அவர் இறந்தார். சாமுவேல் சாலி என்ற அறுவை மருத்துவர் அவருடைய எலும்புகளை ஆராய்ந்து, மஜ்ஜையின் இடத்தில் செந்நிறமான ஒரு பொருள் நிறைந்திருந்ததை எழுதி வைத்தார்.

இரண்டாமவர் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன். இலண்டனில் மளிகை வணிகம் செய்த, நாற்பத்தைந்து வயதை ஒட்டிய மனிதர். 1844 செப்டம்பரில் விடுமுறையின்போது ஒரு குகையிலிருந்து தாவி ஏறுகையில், மார்பில் ஏதோ 'டக்'கென்று முறிந்ததை உணர்ந்தார். மார்பில் பட்டை ஒட்டினார்கள். வலி சற்றே தணிந்தது. பிறகு வலி மீண்டும் வந்தது. இரத்தம் எடுத்தார்கள், அட்டை விட்டுக் கடிக்க வைத்தார்கள், உடல் மேலும் தளர்ந்தது. இரும்புச் சத்தும் கொய்னாவும் கொடுத்தபோது சிறிது தேறினார். நம் டிரசர் ஐயா கொடுத்த அதே இரண்டு மருந்துகள்தாம்! ஆனால் அக்டோபர் 1845இல் இடுப்பு வலி கடுமையாகத் திரும்பியது.

அப்போது அவரைப் பார்த்த டாக்டர் வில்லியம் மெக்கின்டயர், வேறெவரும் செய்யாத ஒன்றைச் செய்தார். நோயாளியின் சிறுநீரைச் சோதித்தார். சூடாக்கினால் அது கலங்கியது. கொதிக்க வைத்தால் தெளிந்தது. ஆறியதும் மீண்டும் கலங்கியது. முட்டையின் வெள்ளைக் கரு ஒருமுறை வெந்து திரண்டால் மீண்டும் கரைவதில்லை என்பது நம் தாய்மார்கள் அறிந்ததே. இந்தப் புரதமோ திரண்டது, கரைந்தது, மறுபடியும் திரண்டது. 1845 நவம்பர் முதல் நாள் அந்தச் சிறுநீர் ஒரு குழாயில் இடப்பட்டு, ஹென்ரி பென்ஸ் ஜோன்ஸ் என்ற இரசாயன வல்லுநரான மருத்துவருக்கு அனுப்பப்பட்டது; இது என்னவென்று அவரிடம் வினவப்பட்டது. இன்றளவும் அந்தப் புரதத்திற்கு 'பென்ஸ் ஜோன்ஸ் புரதம்' என்றே பெயர்.

மெக்பீன் 1846 ஜனவரி முதல் நாள் இறந்தார். அவருடைய விலா எலும்புகள் நொறுங்கும் தன்மையில் இருந்தன. இறப்புச் சான்றிதழில்கூட, சிறுநீரில் புரதம் கழிந்து உடல் மெலிந்தமையே காரணம் என்னும் பொருள்பட எழுதப்பட்டது. தம்மைக் கொன்ற நோய்க்கு ஒரு பெயரும் இல்லாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

பெயர் கிடைத்த காலம்

பெயர் கிடைக்க மேலும் 27 ஆண்டுகள் ஆயின. 1873இல் ருஸ்டிஸ்கி என்ற ருஷ்ய மருத்துவர், ஒரு நோயாளியின் எலும்புகளில் எட்டுத் தனித்தனிக் கட்டிகளைக் கண்டு, பல இடங்களில் தோன்றும் மஜ்ஜைக் கட்டி என்ற பொருளில் 'மல்டிபிள் மைலோமா' எனப் பெயரிட்டார். 1889இல் ஓட்டோ காலர் என்ற மருத்துவர், தம்மிடம் வந்த நோயாளியான ஒரு டாக்டரின் வரலாற்றை விரிவாக எழுதினார். நோயாளியே மருத்துவராக இருந்தும், தம் உடலில் இருப்பது இன்னதென்று அறிய அவருக்கும் பல ஆண்டுகள் பிடித்தன என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1895இல் ராண்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, எலும்பில் விழுந்த ஓட்டைகளைக் காட்டியது. 1929இல் அரின்கின் என்ற ருஷ்ய மருத்துவர், நெஞ்செலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1937இல் சுவீடன் நாட்டு டிசேலியஸ், புரதங்களை மின்னோட்டத்தால் பிரித்துக் காட்டும் முறையை அமைத்தார். இதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனையில் மைலோமா நோயாளியின் இரத்தம், கோபுரம் போல உயர்ந்த ஒரு கூரிய கோட்டைக் காட்டும்.

ஆக, சாரா நியூபரி இறந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே, உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியிடம் இந்நோயை உறுதியாகக் காட்டும் கருவிகள் மருத்துவர்கள் கைக்கு வந்தன. உலகமே நூறாண்டு தாமதித்துக் கற்ற ஒன்றை, ஒரு தோட்டத்துக் குடும்பம் ஓராண்டு தாமதித்து அறிந்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் தோட்டத்தில் ஒரு குடும்பம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டா, பெரியம்மா என்றே குறிப்பிடுவோம். இளமையில் பால்வெட்டியவர், பின்னர் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியவர். அவருடைய பேரப்பிள்ளைகள் நம் பள்ளியில் படித்தவர்கள்.

முதலில் முதுகு வலித்தது. தைலம் தேய்த்தார். சுளுக்கு எடுப்பவரிடம் போய் உருவிவிடச் செய்தார். வலி மிகுந்தது. பட்டணத்து மருந்தகம் ஒன்றில் வலிக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த மாத்திரையையே கடையில் வாங்கிப் பல வாரம் விழுங்கினார். மூன்றாம் மாதம் வேறொரு மருந்தகத்தில், இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை தந்தார்கள். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் நெஞ்சுச்சளிக்காக வேறு வேறு இடங்களில் மருந்து வாங்கினார். ஒன்பதாம் மாதம் தாகம் அடங்கவில்லை, பேச்சு தடுமாறியது. கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டார்கள். பதினோராம் மாதம், குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை.

அரசாங்க மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், "இதற்கு முன் எங்கே காட்டினீர்கள்?" என்று கேட்டார். பெரியம்மாவின் மகள் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார். பதினொரு மாத மருந்துச் சீட்டுகள், இரத்தச் சோதனைத் தாள்கள், மாத்திரை அட்டைகள் அனைத்தும் அதில் இருந்தன. அந்த மருத்துவர் எல்லாவற்றையும் மேசைமேல் தேதி வரிசையில் பரப்பினார். முதுகு வலி ஓரிடத்தில், இரத்தசோகை ஓரிடத்தில், நெஞ்சுச்சளி ஓரிடத்தில் என்று தனித்தனியே கிடந்தவை அன்றுதான் ஒன்றாகச் சேர்ந்தன. இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன, எக்ஸ்ரே எடுக்கப்பட்டது, பின்னர் மஜ்ஜையும் எடுக்கப்பட்டது. நோயின் பெயர் தெரிந்தது. அதற்குள் முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது, சிறுநீரகமும் பழுதடைந்திருந்தது.

நோயைவிட அந்தக் குடும்பத்தை வாட்டியது வேறொன்று. "நீ முன்னமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம்" என்று அண்ணன் தம்பியைச் சொன்னார். "நீ பக்கத்துலதானே இருந்தே" என்று தம்பி அண்ணனைச் சொன்னார். மருமகள்கள் பேசிக்கொள்ளவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருநாள், "எனக்கே அது வேலை வலின்னுதான் தோணுச்சு. என் ஒடம்புக்குத் தெரியாதது ஒங்களுக்கு எப்படித் தெரியும்? இருக்கிற நாள்ல சண்ட போடாம சோறு போடுங்க" என்றாராம். அதன் பிறகே அந்த வீட்டில் அமைதி வந்தது.

பெரியம்மா மேலும் ஆறாண்டுகள் வாழ்ந்தார். கைத்தடியோடு நடந்தார். காலையில் பேரனைப் பள்ளி வாசல் வரை கொண்டுவந்து விடுவார். வாரத்தில் ஒருநாள் சிகிச்சை; அன்றைக்கு மட்டும் பேரன் தனியே வருவான்.

தாமதம் எங்கும் உண்டு

இத்தகைய தாமதம் தோட்டத்தாருக்கு மட்டும் நேர்வதன்று. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இங்கிலாந்து நாட்டிலேயே மைலோமா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்று முறையோ அதற்கு மேலோ குடும்ப மருத்துவரைப் பார்த்த பிறகே சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டதாகக் காட்டியது. மற்றப் பெரும்பாலான புற்றுநோய்களில் இவ்வளவு அலைச்சல் இல்லை. சாதாரண வலிபோல வேடமிடுவதே இந்நோயின் தன்மை.

புகழ் பெற்றவர்களுக்கும் இது விலக்கன்று. இந்தியாவிலும் கனடாவிலும் நடித்த லிசா ரே, நெடுநாள் களைப்பையும் வெளுத்த நிறத்தையும் பொருட்படுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தார். 2009 ஜூன் மாதம் அவருக்கு மைலோமா எனத் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 37. இந்தி நடிகையும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான கிரண் கேருக்கு, 2020 நவம்பரில் சண்டிகரில் கை முறிந்தது. அந்த முறிவுக்காகச் செய்த சோதனைகளே நோயை வெளிப்படுத்தின. சத் பண்டிகைப் பாடல்களால் புகழ்பெற்ற பீகார்ப் பாடகி சாரதா சின்ஹா, சில ஆண்டுகள் இந்நோயோடு வாழ்ந்து பாடியவர். 2024 நவம்பரில் மறைந்தார். இவர்களுக்கு வசதி இருந்தது. மருத்துவர்கள் அருகில் இருந்தனர். ஆயினும் நோய் தன்னை முதலில் வேறொன்றாகவே காட்டிக்கொண்டது.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே, எல்லா முதுகு வலியும் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டா. பெரும்பாலான முதுகு வலிகள் உழைப்பால் வருபவையே. அவை ஓய்வில் தணியும். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, ஓய்விலும் இரவிலும் தணியாத எலும்பு வலி சில வாரங்களுக்கு மேல் நீடித்து, அதோடு இரத்தசோகையோ, அடிக்கடி வரும் சளிக்காய்ச்சலோ, அடங்காத தாகமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. "ஐயா, இந்த வலி இத்தனை மாதமாக இருக்கிறது, இரத்தமும் குறைவு என்கிறார்கள். சிறுநீரகமும் கால்சியமும் இரத்தப் புரதமும் பார்க்க முடியுமா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவன்று.

இந்நாட்டுக் குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் பொதுச் சிகிச்சைக் கட்டணம் ஒரு ரிங்கிட். மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். நம் மாவட்டத்திற்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை உண்டு. இரத்தநோய்களுக்கான பெரிய மையமாக அம்பாங் மருத்துவமனை விளங்குகிறது.

காரணம் தெரியாத எலும்பு வலியை அழுத்தி உருவக் கூடாது. அரிக்கப்பட்ட எலும்பு முறிந்துவிடும். கடையில் வாங்கும் வீக்க வலி மாத்திரைகளை நெடுநாள் விழுங்கக் கூடாது. மைலோமா உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மருந்தகத்துக்குச் சென்றாலும் சீட்டையும் சோதனைத் தாளையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஒரு பிஸ்கட் டின் போதும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர், தேதியையும் வலியின் இடத்தையும் ஒரு பள்ளிப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம்.

நோயோடு வாழ்தல்

1960க்கு முன் இந்நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். 1962இல் மெல்ஃபலான் என்ற மருந்து பயன் தருவதை அமெரிக்க மருத்துவர்கள் காட்டினர். 1983இல் இலண்டனில் அதே மருந்தை மிகுந்த அளவில் கொடுக்கும் முறை தோன்றியது. அதிலிருந்து, நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்களையே எடுத்து வைத்து, பின்னர் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை வளர்ந்தது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்தியாவில் 1983இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், தமிழ்நாட்டில் 1986இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், நம் நாட்டில் 1987இல் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கப்பட்டது. லிசா ரே இத்தகைய சிகிச்சை பெற்று, பின்னர் தம் வாழ்வை நூலாகவும் எழுதினார்.

மருந்துகளின் வரலாற்றில் ஒரு வியப்பும் உண்டு. கருவிலுள்ள குழந்தைகளின் கை கால்களைக் கெடுத்ததால் 1961இல் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது தலிடோமைடு என்னும் மாத்திரை. அதுவே மைலோமாவை அடக்கும் என்பது 1999இல் தெரியவந்தது. கர்ப்பிணிகள் அதனைத் தொடவும் கூடாது. மருத்துவரின் கண்காணிப்பில் நோயாளிக்கு அது மருந்தாயிற்று. 2003இல் போர்டிசோமிப் என்ற புதிய மருந்து வந்தது. இன்றும் இந்நோயை அடியோடு நீக்குவது பெரும்பாலோருக்கு இயலாது. ஆனால் அடக்கி வைக்கலாம். அது திரும்பினால் மீண்டும் அடக்கலாம். ஐந்தாண்டு, பத்தாண்டு, அதற்கு மேலும் வாழ்வோர் பலர் உளர்.

தாமதமாகக் கண்டறியப்பட்டவருக்கும் இது பொருந்தும். இழந்த மாதங்கள் திரும்பா. நசுங்கிய எலும்பு பழையபடி நிமிராது. ஆயினும் எஞ்சியிருப்பதைக் காக்கலாம். மருத்துவர் சொல்லும் அளவுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பளு தூக்கக் கூடாது. தரையில் ஈரம் இருக்கக் கூடாது. குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்தினால் நல்லது. காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலை செய்யும் வயதினர், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் கடும் நோய்ச் செலவுக்குப் பணம் எடுக்க வழியுண்டு. பாரங்களை நிரப்பத் தெரியாவிட்டால், பள்ளி ஆசிரியர்களாகிய எங்களிடம் வாருங்கள். அதுவும் எங்கள் கடமையே.

நேயர்களே! மெக்பீனின் மருத்துவர்கள் அவரைக் கைவிடவில்லை. அவர்கள் கையில் கருவி இல்லை, அவ்வளவே. இன்று கருவி இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. இல்லாதது, சிதறிக் கிடக்கும் குறிகளைச் சேர்த்து வைத்துக் கேட்கும் ஒரு கேள்விதான். அந்தக் கேள்வியை மெக்பீனின் மருத்துவர்கள் ஒரு சிறு குழாயோடு அனுப்பினர். நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நாம் அதனை வாய்திறந்து கேட்போம். கேட்கத் தாமதமாகிவிட்ட வீடுகளில், யார் மேல் குற்றம் என்று பேசுவதை விட்டு, அடுத்த சிகிச்சை நாள் எது என்று பேசுவோம்.